டிவியில் வரும் கனவு வீடுகள்: அந்தச் செலவுக் கணக்கை நம்பலாமா?

கேள்வி இதுதான். பிரிட்டனின் "கிராண்ட் டிசைன்ஸ்" போன்ற நிகழ்ச்சிகளில் பழைய களஞ்சியத்தையோ பாழடைந்த வீட்டையோ வாங்குகிறார்கள், இத்தனை லட்சம் பவுண்டில் முடித்துவிட்டோம் என்கிறார்கள். அந்தத் தொகையை நம்பி நாமும் ஒரு பெரிய புதுப்பிப்பில் இறங்கலாமா? அப்புறம், முடிந்த வீடுகள் எல்லாம் ஏன் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன?

நான் இங்கிலாந்தில் குவான்டிட்டி சர்வேயராக வேலை பார்க்கிறேன். கட்டடத்தை அளந்து, எந்த வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று விலை போட்டு, கடைசியில் பில்லைச் சரிபார்க்கிற வேலை. அந்த நிகழ்ச்சியை ஆசையோடு பார்ப்பவனும்கூட. நீங்கள் கேட்ட இரண்டும் என் கண்ணுக்கு ஒரே கேள்விதான். கேமராவுக்கு எது தெரிகிறதோ அதுதான் ரசனை ஆகிறது. எது தெரியவில்லையோ அது செலவுக் கணக்கிலிருந்தும் நழுவிவிடுகிறது. பணம் பெரும்பாலும் போவது தெரியாத இடத்தில்.

முதலில் செலவு. திரையில் வரும் தொகை பொய்யில்லை, ஆனால் அது வீட்டுக்காரர் தன் வாயால் சொல்லும் தொகை. யாரும் ரசீதுகளை அடுக்கிப் பார்ப்பதில்லை. ஒருவர் "4 லட்சம்" என்கிறபோது, அதில் நிலத்தின் விலை உண்டா, வடிவமைப்பாளர் கட்டணம் உண்டா, கட்டுகிற காலம் முழுக்க வெளியே குடியிருந்த வாடகை உண்டா, கடன் வட்டி உண்டா, தோட்டமும் நடைபாதையும் உண்டா என்று நமக்குத் தெரியாது. மாமனார் ஆறு மாதம் வந்து மின்கம்பி இழுத்துக் கொடுத்திருந்தால் அந்தக் கூலியும் கணக்கில் வராது. இரண்டு வீடுகளின் தொகையை ஒப்பிடவே முடியாமல் போவது இதனால்தான். சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று நிகழ்ச்சியைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்களை நான் தடுத்து நிறுத்துவேன்.

பிரிட்டனில் இதில் இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது: வாட் வரி. அடியிலிருந்து புதிதாக வீடு கட்டினால் கட்டுமானத்துக்கு வாட் பூஜ்யம். சொந்தமாகக் கட்டிக்கொள்கிறவர், பொருள் வாங்கும்போது கொடுத்த வரியையும் வேலை முடிந்தபின் திரும்பக் கேட்டு வாங்கலாம். இருக்கிற வீட்டைப் பழுதுபார்த்தாலும் பெரிதாக்கினாலும் 20 சதவீதம். குறைந்தது 2 வருடம் யாரும் குடியிராமல் பூட்டிக் கிடந்த வீடு என்றால் 5 சதவீதம். ஆக, 2 லட்சம் பவுண்டு வேலையில் ஒருவருக்கு வரி 40,000, இன்னொருவருக்கு 10,000, புதிதாகக் கட்டுகிறவருக்கு ஒன்றுமே இல்லை. நிகழ்ச்சியில் வரும் வீடுகளில் பெரும்பங்கு புதிய கட்டுமானம். அதைப் பார்த்துவிட்டு, குடியிருக்கிற வீட்டைப் பிரித்து மாற்ற நினைப்பவர் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வைக்க வேண்டும் என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. நல்ல செங்கல் வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது வரிக் கணக்கில் லாபம் என்று ஆகிவிடும் இந்த ஏற்பாடு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நூறு வருடம் நின்ற சுவரைக் காப்பாற்றுகிறவருக்கு அபராதம் போடுவதைப் போல இருக்கிறது.

சரி, இவற்றை எல்லாம்விடப் பெரிய செலவு காலம். எங்கள் தொழிலில் "பிரிலிமினரீஸ்" என்று ஒரு தலைப்பு உண்டு. செங்கல்லுக்கும் மரத்துக்கும் சேராத, வாரக் கணக்கில் ஓடுகிற செலவுகள்: சாரத்தின் வாடகை, தளத்தில் தற்காலிகக் கழிப்பறை, குப்பைத் தொட்டி, காப்பீடு, மேற்பார்வை, வேலி. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் சாரம் தன் வாடகையைக் கேட்கும். அதன் மேல் வட்டி. 5 லட்சம் பவுண்டு கடன், ஆண்டுக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத் தாமதம் என்றால் 40,000 பவுண்டு, அதற்கு ஒரு கதவுகூட வராது.

இதற்கு ஆக வேதனையான உதாரணம் இங்கிலாந்தின் வடக்கு டெவன் கடற்கரையில், குரோய்ட் அருகே நிற்கிறது. செசில் கிளிஃப் ஹவுஸ். பாறை முனையில் கலங்கரை விளக்கம் மாதிரி ஒரு கோபுரத்தோடு எழுப்பிய வீடு. 18 லட்சம் பவுண்டில், ஒன்றரை வருடத்தில் முடிப்பதாகத் திட்டம். 2019இல் "கிராண்ட் டிசைன்ஸ்" நிகழ்ச்சியில் அந்த வீட்டின் கதை ஒளிபரப்பானபோது வீடு அரைகுறையாக நின்றது, குடும்பம் பிரிந்திருந்தது. பார்த்தவர்கள் இந்தத் தொடரிலேயே மிகவும் சோகமான பகுதி என்றார்கள். 2022இல் நிகழ்ச்சி அங்கே திரும்பிப் போனது. வீடு ஒருவழியாக உருவம் பெற்றிருந்தது, கடன் மட்டும் 70 லட்சம் பவுண்டு அளவுக்கு ஏறியிருந்தது. வீட்டை 1 கோடி பவுண்டு என்று விற்பனைக்குப் போட்டார்கள், பிறகு விலையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள்.

அந்தக் கதையைப் பலர் பேராசைக் கதையாகச் சொல்கிறார்கள். நான் அதை மண்ணின் கதையாகப் பார்க்கிறேன். அலை அடிக்கும் பாறை முனையில் கட்ட வேண்டுமென்றால், மேலே ஒரு கல் எழும்புவதற்குள் கீழே கிடைத்த பணமெல்லாம் போய்விடும். அஸ்திவாரத்தில் போன பணத்துக்குப் பதிலாகக் காட்ட ஒரு ஜன்னல்கூட இராது, அடுத்த கடன் கொடுப்பவர் காலி இடத்தைத்தான் பார்ப்பார். அங்கிருந்து வேலை நிற்கும், நின்ற வேலை மழையில் நனையும், நனைந்ததை மறுபடி செய்ய வேண்டும்.

டிவியில் காலம் சுருங்கிவிடுகிறது. மூன்று மாதம் மூன்று நொடியில் ஓடும். அந்த மூன்று நொடியில் என்ன நடந்தது தெரியுமா? பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை, தரை காய்ந்துகொண்டிருந்தது. தரையைச் சமன் செய்ய ஊற்றும் சிமெண்ட் பூச்சு, முதல் 50 மில்லிமீட்டர் வரை ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் காயும். அதற்கு மேற்பட்ட தடிமனுக்கு நாள் இரட்டிக்கும். 75 மில்லிமீட்டர் பூச்சு என்றால் 100 நாள். அவசரப்பட்டு மேலே மரப் பலகை பதித்தால் ஈரத்தில் பலகை வளைந்து எழும்பும், மறுபடி பிரிக்க வேண்டும். ஜன்னல் விஷயமும் அப்படித்தான். திறப்பின் சரியான அளவு சுவர் எழும்பிய பின்தான் கிடைக்கும், அளவு கொடுத்த பிறகுதான் கண்ணாடி தயாராகும், அது வரும்வரை உள்ளே பூச்சு வேலை தொடங்க முடியாது. கிறிஸ்துமஸுக்குள் மழை உள்ளே வராதபடி அடைத்துவிடுவோம் என்று வீட்டுக்காரர் சொல்லும் காட்சி இந்த நிகழ்ச்சியில் திரும்பத் திரும்ப வரும். ரசிகர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அவர்கள் மேல் பரிவுதான் வரும், ஏனென்றால் அந்த ஒரு தேதி தவறினால் தச்சர், மின்பணியாளர், பூச்சுக்காரர் மூன்று பேரும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், அவர்களைத் திரும்பப் பிடிக்கவே சில மாதம் ஆகும்.

பழைய வீடென்றால் இன்னும் ஒரு விஷயம் உண்டு: சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு வரிசை வீட்டில் பின்சுவரை எடுத்துவிட்டுச் சமையலறையைப் பெரிதாக்கும் வேலைக்கு நான் விலை போட்டேன். மாடியில் அலமாரிப் பலகையைக் கழற்றியபோதுதான் தெரிந்தது, எப்போதோ யாரோ கீழ்த்தளத்துப் புகைபோக்கித் தூணை இடித்து அறையை அகலமாக்கியிருக்கிறார்கள். மேலே இருந்த தூணை அப்படியே விட்டிருந்தார்கள். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள செங்கல், கீழே ஒரு இரும்பு உத்தரம்கூட இல்லாமல், மரக் கட்டைகளின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே அந்தக் குடும்பத்தின் குழந்தை தொட்டில் போட்டுத் தூங்கியிருக்கிறது. பொறியாளர் வந்தார், முட்டுக் கொடுத்தோம், உத்தரம் ஏற்றினோம். அந்தச் செலவு எங்கிருந்து வந்தது? அவர்கள் ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்திருந்த சமையலறை அலமாரிகளிலிருந்து. அவர்கள் முகம் வாடியதை மறக்க முடியவில்லை. ஆனால் அந்த வீட்டில் சரியான இடத்துக்குப் போன பணம் அது ஒன்றுதான்.

இப்படி ஒளிந்திருப்பவை இன்னும் உண்டு. பிரிட்டனில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) 1999இல்தான் முழுக்கத் தடை செய்யப்பட்டது, அதற்கு முந்தைய எந்தக் கட்டடத்திலும் அது இருக்கலாம். எடுப்பதற்குத் தனி விதி, தனி ஆள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரின் மேல் யாரோ சிமெண்ட் பூசியிருப்பார்கள், சுவருக்குள் போன ஈரம் வெளியேற வழியில்லாமல் ஓதம் ஏறி நிற்கும். அண்டை வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் சர்வேயர்களை நியமிக்க வேண்டும், அவர்கள் கட்டணம் பெரும்பாலும் வேலை செய்கிறவர் தலையில்தான் விழும். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடத்தில் அனுமதி இல்லாமல் கை வைப்பது குற்றம், வெறும் அபராத விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இவை எதுவும் ஒரு மணி நேர நிகழ்ச்சியில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வராது. படம் எடுக்க என்ன இருக்கிறது அதில்?

குறைந்த செலவு உதாரணத்தையும் சொல்ல வேண்டும். 2003இல் காட்டிய பென் லா என்பவரின் காட்டு வீடு, இங்கிலாந்தின் சஸெக்ஸில் இருக்கிறது. 28,000 பவுண்டில் முடிந்தது என்று சொன்னார்கள். நிகழ்ச்சியை நடத்தும் கெவின் மெக்லவுடுக்கும் பார்வையாளர்களுக்கும் மிகவும் பிடித்த வீடுகளில் அது ஒன்று. எனக்கும்தான். ஆனால் அந்த 28,000க்குப் பின்னால் என்ன இருந்தது என்று பாருங்கள். அவர் தொழிலே காட்டு வேலை. செஸ்ட்நட் மரம் அவர் பராமரித்த காட்டிலிருந்தே வந்தது. சுவருக்கு வைக்கோல் கட்டுகள். உதவிக்கு ஆர்வலர்கள் வந்து நின்றார்கள். வருடக்கணக்கில் கற்ற கைத்திறனுக்கு அந்தக் கணக்கில் விலை போடவே இல்லை. அந்த வீட்டைக் கூலிக்கு ஆள் வைத்துக் கட்டச் சொல்லி என்னிடம் வந்தால் நான் போடும் விலை வேறாக இருக்கும். பணம் குறைவாக இருக்கிறவர் திறமையாலும் காலத்தாலும் அதை ஈடு கட்டலாம், இரண்டும் இல்லாமல் 28,000 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

அமெரிக்க நிகழ்ச்சிகளில் கணக்கு இன்னும் மங்கலாகிறது. பொருள் கொடுக்கும் நிறுவனங்களுக்குத் திரையில் விளம்பரம் கிடைக்கிறது என்பதால் இலவசமாகவும் சலுகையிலும் நிறைய வரும். டெக்ஸஸின் வேகோ நகரில் எடுத்த "ஃபிக்ஸர் அப்பர்" நிகழ்ச்சியில், கடைசிக் காட்சியில் கண்ணைப் பறிக்கும் மேசை, சோபா, விளக்கு எல்லாம் பெரும்பாலும் படப்பிடிப்புக்காகக் கொண்டுவந்து வைத்தவை. வேண்டுமென்றால் வீட்டுக்காரர் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் திரும்பப் போய்விடும். நாம் பார்த்து மயங்கும் அறையில் பாதி, சொன்ன தொகைக்குள் இல்லை.

ஏ.பி.சி. தொலைக்காட்சி 2003 முதல் 2012 வரை நடத்திய "எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்" இன்னும் ஒரு படி மேலே போனது. கஷ்டத்தில் இருக்கும் குடும்பத்துக்கு ஏழே நாளில், நன்கொடைப் பொருளாலும் தன்னார்வலர் உழைப்பாலும் மாளிகை மாதிரி வீடு. நல்ல மனதோடு செய்த காரியம், சந்தேகமில்லை. ஆனால் வீடு பெரிதானதும் மின்கட்டணம், சொத்து வரி, பராமரிப்பு எல்லாம் கூடவே பெரிதாயின, சில குடும்பங்கள் தாங்க முடியாமல் விற்றுவிட்டுப் போயின. ஜார்ஜியா மாநிலத்தின் லேக் சிட்டியில் 2005இல் கட்டிக் கொடுத்த ஒரு வீடு, அதை அடமானம் வைத்து வாங்கிய 4,50,000 டாலர் கடனைத் திருப்ப முடியாமல் 2008இல் ஏலத்தின் விளிம்புக்கு வந்தது. கட்டும் செலவு ஒரு முறை. நடத்தும் செலவு ஒவ்வொரு மாதமும். இந்த இரண்டாவது எண் எந்த நிகழ்ச்சியிலும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்றால், 1996இல் பி.பி.சி. தொடங்கிய "சேஞ்சிங் ரூம்ஸ்" நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். இரண்டு நாள், 500 பவுண்டு, பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் அறையை மாற்றிக் கொடுப்பார். கூலி அந்த 500க்குள் இல்லை என்பதைச் சொல்லவே வேண்டாம். மர நாரைப் பிசின் சேர்த்து அழுத்திய எம்.டி.எஃப். பலகை அந்த நாள்களில் புகழ்பெற்றதற்கு இந்த நிகழ்ச்சியும் காரணம்: மலிவு, நொடியில் அறுக்கலாம், பூசினால் எதைப் போலவும் தெரியும். ஒரு வீட்டில் அவர்கள் தொங்கவிட்ட அலமாரி இரவில் அறுந்து விழுந்து, வீட்டுக்காரர் பல வருடமாகச் சேர்த்த பழைய தேநீர்க் கெண்டிகள் நொறுங்கின. இதன் அமெரிக்க வடிவமான "டிரேடிங் ஸ்பேசஸ்" 1,000 டாலரில் இதையே செய்தது, அதில் ஒரு வடிவமைப்பாளர் ஒரு அறையின் சுவர் முழுக்க வைக்கோல் ஒட்டினார். அந்த அறையில் மறுநாள் எழுந்து வாழ வேண்டியவர்களை நினைத்துப் பார்த்தேன். இதற்கெல்லாம் முன்பே, 1979இல் பாஸ்டனில் தொடங்கிய "திஸ் ஓல்ட் ஹவுஸ்" வேறு விதமாக இருந்தது. ஒரே வீட்டை வாரக்கணக்கில் பின்தொடர்ந்து, குழாய் இணைப்பதையும் கூரைக்கு ஓடு வேய்வதையும் பொறுமையாகக் காட்டும். வேலையை வேலையாகக் காட்டிய நிகழ்ச்சி அதுதான் என்பது என் கருத்து.

இனி ரசனைக்கு வருகிறேன். கேமராவுக்குத் தூரம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், "முன்பு, இப்போது" என்று பக்கத்தில் வைத்தால் ஒரு நொடியில் வித்தியாசம் தெரிய வேண்டும். இந்த மூன்றையும் ஒரே அடியில் தருவது எது? நடுச்சுவரை இடிப்பது. அதனால்தான் எல்லா வீட்டிலும் சமையலறை, சாப்பாட்டு அறை, கூடம் மூன்றும் ஒன்றாகின்றன, நடுவில் ஒரு மேடை வருகிறது, பின்சுவர் முழுக்க மடிப்புக் கண்ணாடிக் கதவாகிறது, இரண்டு மாடி உயரத்துக்குக் கூடம் திறந்து கிடக்கிறது. இவை மோசமான யோசனைகள் என்று நான் சொல்லவில்லை. இருட்டான வரிசை வீட்டில் ஒரு சுவரை எடுத்ததும் வெளிச்சம் பாய்வதைப் பார்த்து நானே சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் வாழ்கிறவர் கேட்கும் கேள்விகளுக்குக் கேமராவிடம் பதில் இல்லை. துடைப்பம் எங்கே வைப்பது? வறுக்கும் வாசனை சோபாவில் ஏறாமல் எப்படித் தடுப்பது? ஒருவர் போனில் பேசும்போது இன்னொருவர் எங்கே படிப்பது?

சத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெருகேற்றிய கான்கிரீட் தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெறுமையான வெள்ளைச் சுவர், உயரமான கூரை. இப்படிப்பட்ட அறையில் ஒலியை உறிஞ்ச எதுவும் இல்லை. ஒரு கரண்டி விழுந்தாலும் மணி அடித்த மாதிரி இருக்கும், நாலு பேர் பேசினால் யார் சொல்வதும் புரியாது. நிகழ்ச்சியில் இது தெரியாது, ஏனென்றால் பேசுகிறவர் சட்டையிலேயே மைக் இருக்கிறது. இப்படி ஒரு வீட்டை ஒப்படைத்த பிறகு, அந்த வீட்டு அம்மா சாப்பாட்டு நேரத்தில் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுவதாக மகள் சொன்னார். அடுத்த மாதமே தடிமனான விரிப்பும் திரையும் வாங்கிப் போட்டார்கள். படத்தில் இருந்த "சுத்தமான" தோற்றம் போய்விட்டது, அந்த அம்மா பேச்சில் சேர்ந்துகொண்டார்.

கண்ணாடியின் கணக்கும் அப்படித்தான். இங்கிலாந்தில் வீட்டோடு சேர்த்துக் கட்டும் புதிய பகுதிக்கு, சுவர் வழியாக வெப்பம் வெளியேறும் அளவு, யு-மதிப்பு என்ற அளவுகோலில், 0.18க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஜன்னலுக்கு 1.4 வரை விடுகிறார்கள். அதாவது ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, அதே அளவு நல்ல சுவரைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு வெப்பத்தை வெளியே விடலாம். குளிர்காலத்தில் அந்தக் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் முதுகு சில்லிடும். கோடையில் நேர்மாறு, மேற்குப் பார்த்த கண்ணாடி வீட்டை அடுப்பாக்கிவிடும். இந்தத் தொல்லை பெருகியதால்தான் 2022 ஜூனில் புதிய வீடுகள் அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருக்கத் தனி விதியே கொண்டுவந்தார்கள். ராத்திரியில் இன்னொன்று: வெளியே இருட்டியதும் அந்தக் கண்ணாடி முழுவதும் கறுப்பு நிலைக்கண்ணாடியாகி, உங்களையே உங்களுக்குக் காட்டும். படப்பிடிப்பு எப்போதும் பகலில், நல்ல வெயிலில்.

ரசனை எப்படிப் பரவுகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் "ஷிப்லாப்" பலகை. டெக்ஸஸின் பழைய மர வீடுகளில் சட்டங்களின் மேல் இந்தப் பலகையை அடிப்பார்கள், அதன் மேல் மெல்லிய துணி, துணியின் மேல் சுவர்க்காகிதம். யாரும் பார்ப்பதற்காக அடித்த பலகை இல்லை. "ஃபிக்ஸர் அப்பர்" வீடுகளில் காகிதத்தைக் கிழித்து அதை வெளியே கொண்டுவந்து வெள்ளை அடித்தார்கள். அந்த ஊரில், அந்த வீட்டில், அது நேர்மையான அழகு, உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது. பிறகு, சுவருக்குள் அப்படி ஒரு பலகையே இல்லாத ஊர்களிலெல்லாம் புதுப் பலகை வாங்கி, நல்ல பூச்சுச் சுவரின் மேல் அடித்தார்கள். காரணம் பின்தங்கிவிட்டது, தோற்றம் மட்டும் ஊர் ஊராகப் போனது. வீடுகள் ஒன்றுபோல் ஆவது இப்படித்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் மண், வெயில், பழைய சுவர் என்று சொந்தக் காரணங்கள் உண்டு. அவற்றைக் கேட்டு எழும்பிய வீடு இன்னொன்றைப் போல இருக்கவே முடியாது.

"விற்கும்போது திரும்பி வந்துவிடும்" என்ற வாதத்தையும் நிகழ்ச்சிகள் வளர்த்துவிட்டன. அமெரிக்காவில் ஆண்டுதோறும் வரும் "காஸ்ட் வெர்சஸ் வேல்யூ" அறிக்கையில், பெரும் செலவில் மாற்றிய ஆடம்பரச் சமையலறைக்குப் போட்டதில் பாதிகூட விலையாகத் திரும்புவதில்லை. கார் நிறுத்துமிடத்துக் கதவை மாற்றுவது போன்ற சின்ன வேலைகள்தான் அதில் முன்னால் நிற்கின்றன. ஆகவே அந்தச் சமையலறையை உங்களுக்காகச் செய்தால் தாராளமாகச் செய்யுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. அடுத்து வாங்கப்போகிறவருக்காகச் செய்கிறேன் என்றால் கணக்கு உதைக்கிறது.

இவ்வளவு சொன்னதால் பெரிய கனவே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அருவியின் மேல் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1930களில் வடிவமைத்த "ஃபாலிங்வாட்டர்" வீடு சில பத்தாயிரம் டாலரில் முடியும் என்று ஆரம்பித்து 1,55,000 டாலரில் போய் நின்றது. நீரின் மேல் நீட்டிய மாடங்கள் தொடக்கத்திலேயே தாழத் தொடங்கின. 2002 வாக்கில் உள்ளே இரும்பு வடங்களைச் செலுத்தி இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த வீடு இல்லாத உலகத்தை நான் விரும்ப மாட்டேன். "கிராண்ட் டிசைன்ஸ்" 1999இல் தொடங்கியதிலிருந்து, வெப்பக் காப்பு, காற்றுக் கசிவு, சுண்ணாம்புப் பூச்சு போன்ற வார்த்தைகளைச் சாதாரணப் பார்வையாளர் வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஒரு தச்சரின் கை இணைப்பைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வைத்திருக்கிறது. அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

நீங்கள் இறங்குவதாக இருந்தால் என் யோசனை இது. டிவி எண்ணை மறந்துவிட்டு, வரைபடத்தை வைத்து அளந்து விலை போடச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரர் தரும் மதிப்பீட்டில் "உத்தேசத் தொகை" என்று எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அந்த வரிகள் எல்லாம் இன்னும் யாரும் முடிவெடுக்காத வேலைகள், கூடுவது பெரும்பாலும் அங்கேதான். எதிர்பாராததற்குப் புதிய கட்டுமானம் என்றால் 10 சதவீதம், பழைய வீடு என்றால் 15 முதல் 20 சதவீதம் ஒதுக்கி வையுங்கள், அதைச் சமையலறைக் கல்லுக்காகத் தொடாதீர்கள். கூரை, வடிகால், சுவரின் ஈரம், வெப்பக் காப்பு, ஜன்னல், கம்பி, குழாய் என்று போய்க் கடைசியில் கண்ணுக்குத் தெரிவதற்கு வாருங்கள். குழாய்முனையைப் பத்து வருடம் கழித்து ஒரு மணி நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம், தரைக்கடியில் விட்டுப்போன காப்பு அடுக்கைப் போட வேண்டுமென்றால் தரையையே பெயர்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதலில், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, பின்சுவரின் ஓரமாக ஒரு குழி தோண்டச் சொல்லுங்கள். பழைய அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், கீழே களிமண்ணா மணலா, வடிகால் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பொறியாளர் இறங்கிப் பார்க்கட்டும். மாடியில் அந்தப் புகைபோக்கித் தூண் இருக்கும் இடத்தில் ஒரு பலகையையும் கழற்றிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு நாள் வேலை.